பைக்குக்குக் கார் ஆயில் ஃபில்டர் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆயில் மாற்றும் நாள் வந்துவிட்டது. பைக்குக்கான ஃபில்டர் கையில் இல்லை. அதே பருமனில், அதே தோற்றத்தில் ஒரு கார் ஃபில்டர் இருக்கிறது. போட்டால் என்ன என்று கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "வருஷக்கணக்காக அதைத்தான் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்பார் ஒருவர். "ஆயில் பிரஷர் போய் இன்ஜின் பிடித்துவிடும்" என்பார் இன்னொருவர். இருவருமே டப்பாவின் மேல் அச்சடித்த 'கார்', 'பைக்' என்ற எழுத்தைத்தான் பார்க்கிறார்கள். இன்ஜினுக்கு அந்த எழுத்து தெரியாது. மரை, ரப்பர் வளையம், உள்ளே இருக்கும் வால்வுகள், உயரம், பருமன் ஆகியவைதான் அதற்குத் தெரியும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அவற்றைச் சுற்றியே வரும்.

என் பைக்குக்கு இந்தக் கேள்வியே பொருந்துமா?

முதலில் இதைப் பார்த்துவிடுங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே விடை கிடைத்துவிடும். பைக்குகளில் மூன்று வகை ஏற்பாடுகள் உண்டு.

சிறிய இன்ஜின்கள் பலவற்றில் காகித ஃபில்டரே கிடையாது. ஹோண்டா கப் குடும்பத்தின் படுக்கை சிலிண்டர் இன்ஜின்களிலும், அவற்றின் வழி வந்த 100 சிசி இன்ஜின்களிலும் ஒரு கம்பி வலையும், இன்ஜினின் சுழல் தண்டான கிராங்கோடு சேர்ந்து சுழலும் ஒரு வட்டக் கிண்ணமும்தான் இருக்கும். சுழற்சியில் கனமான துகள்கள் கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதைத் திறந்து துடைத்து மூடுவதுதான் ஃபில்டர் சர்வீஸ். வாங்கிப் போட எதுவும் இல்லை.

இரண்டாவது வகையில், இன்ஜின் மூடி ஒன்றைத் திறந்தால் உள்ளே காகித எலிமென்ட் (வடிகட்டும் பகுதி) மட்டும் இருக்கும். கேடிஎம் 390 ட்யூக் இந்த வகை. இதற்குக் கார் ஃபில்டரில் மாற்றுத் தேடுவது வீண் வேலை. எலிமென்டின் உயரம், இரு முனைகளின் துளை, அதை அழுத்தும் ஸ்பிரிங் எல்லாம் அந்தந்த இன்ஜினுக்கென்றே அமைந்தவை. இந்த வகையில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சில எலிமென்ட்களில் ஒரு முனை திறந்தும் மறு முனை மூடியும் இருக்கும். தலைகீழாகப் போட்டால் ஆயில் போகும் வழியே அடைபட்டுவிடும். எந்தப் பக்கம் வெளியே வரவேண்டும் என்று எலிமென்டிலேயே குறித்திருப்பார்கள். அதைப் படிக்காமல் போட்டு இன்ஜினை இழந்தவர்கள் உண்டு.

மூன்றாவது, இரும்பு டப்பாவாக வெளியே தெரியும், திருகிப் பொருத்தும் ஃபில்டர். கார் ஃபில்டர் பற்றிய பேச்செல்லாம் இந்த வகைக்கு மட்டும்தான்.

மரை ஒன்றாக இருக்குமா?

பெரும்பாலும் இருக்கும், இந்தப் பழக்கம் பரவியதே அதனால்தான். ஜப்பானிய பைக்குகளில் திருகு ஃபில்டர் உள்ளவை பெரும்பாலும் எம்20 × 1.5 மரை. ஹோண்டா, நிசான் கார்கள் பலவற்றிலும் இதே மரைதான். ஆனால் டொயோட்டா கார்கள் பலவற்றிலும், ஹார்லி டேவிட்சன் பைக்குகளிலும் இருப்பது 3/4 அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை என்ற கணக்கு.

இந்த இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் வில்லங்கம். 3/4 அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர், எம்20 என்பது 20 மில்லிமீட்டர். மரை இடைவெளி ஒன்றில் 1.5 மி.மீ., மற்றதில் கிட்டத்தட்ட 1.59 மி.மீ. 3/4 அங்குல ஃபில்டரை எம்20 தண்டில் ஏற்றப் பார்த்தால் தொடக்கத்திலேயே சிக்கி நின்றுவிடும். அது நல்லது; தவறு உடனே தெரிந்துவிடுகிறது. எம்20 ஃபில்டரை 3/4 அங்குலத் தண்டில் ஏற்றினால் லொடலொடவென்று ஏறும், இறுகுவது போலவும் இருக்கும். ஆனால் மரையின் நுனிகள் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும். சூடான ஆயில், அழுத்தம், இன்ஜின் அதிர்வு மூன்றும் சேரும்போது அது கழன்று பறக்கலாம். பறந்தால் ஆயில் கொட்டும் இடம் பின் டயர்.

ஆகவே கையால் திருகும்போதே கவனியுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக்கூடாது. விரலால் லேசாகச் சுற்றும்போதே பல சுற்றுகள் ஏறி, ரப்பர் தொட்ட பிறகுதான் பிடிமானம் தெரிய வேண்டும். ஒன்றிரண்டு சுற்றிலேயே ரப்பர் தொட்டுவிட்டால் அந்த ஃபில்டர் வேண்டாம்.

மரை சரியாக இருந்தால் போதுமா?

போதாது. ரப்பர் வளையம் உட்காரும் இடத்தை அளந்து பாருங்கள். இன்ஜினில் அதற்கென்று கடைந்து வழவழப்பாக்கிய ஒரு வட்டம் இருக்கும். வளையம் முழுவதும் அந்த வட்டத்துக்குள் உட்கார வேண்டும். கார் ஃபில்டரின் வளையம் சில மில்லிமீட்டர் பெரிதாக இருந்தாலும் ஓரம் வட்டத்தைத் தாண்டி வார்ப்பின் சொரசொரப்பில் போய் நிற்கும். நிறுத்தி வைத்திருக்கும்போது கசியாது. பிரஷர் ஏறியதும் கசியும். பழைய ஃபில்டரின் வளையத்தில் லேசாக ஆயில் தடவி, ஒரு காகிதத்தில் அச்சு எடுத்து, புதியதை அதன்மேல் வைத்துப் பார்ப்பது எளிய வழி. வெர்னியர் என்ற நுட்பமான அளவுகோல் இருந்தால் இன்னும் நல்லது.

கார் ஃபில்டர் போட்டால் ஆயில் பிரஷர் குறையுமா?

இதற்கு ஒற்றை வரியில் ஆம், இல்லை சொல்பவர்களை நம்பாதீர்கள். பிரஷர் எங்கே பிறக்கிறது என்று தெரிந்தால் விடையை நீங்களே சொல்லிவிடலாம்.

ஆயில் பம்ப் பிரஷரை உண்டாக்குவதில்லை. ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். பெரும்பாலான நான்கு ஸ்ட்ரோக் பைக்குகளில் இருக்கும் பம்ப் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று அளந்து தள்ளும் வகை. இன்ஜின் வேகம் இரட்டிப்பானால் தள்ளும் ஆயிலும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அந்த ஆயில் கிராங்க் பேரிங், கேம் (இன்ஜின் வால்வுகளைத் திறக்கும் தண்டு) போன்ற இடங்களில் உள்ள மெல்லிய இடைவெளிகள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். இடைவெளி சிறிது, வரும் ஆயில் அதிகம் என்பதால் நெருக்கடி உண்டாகிறது. அந்த நெருக்கடிதான் பிரஷர். பேரிங் தேய்ந்து இடைவெளி கூடினால் பிரஷர் இறங்குவதும், ஆயில் சூடாகி நீர்த்தால் ஐட்லிங்கில் பிரஷர் மானியின் முள் கீழே விழுவதும் இதனால்தான்.

இந்தப் பாதையில் ஃபில்டர் பம்புக்கும் பேரிங்குக்கும் நடுவில் நிற்கிறது. பம்ப் தள்ளும் ஆயில் முழுவதும் அதைக் கடந்துதான் போக வேண்டும். ஃபில்டர் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் பம்ப் கொஞ்சம் அதிகமாக உழைக்கும். ஆனால் தள்ளும் அளவு குறைவதில்லை. பேரிங்குக்குப் போகும் ஆயில் அதே அளவு என்றால், பேரிங்கில் உண்டாகும் பிரஷரும் அதேதான். சாதாரண வேகத்தில், சூடான ஆயிலில், எந்த நல்ல ஃபில்டரைப் போட்டாலும் பிரஷர் மானியில் வித்தியாசம் தெரியாமல் இருப்பதற்குக் காரணம் இது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பம்புக்கு அருகில் ஒரு ரிலீஃப் வால்வு இருக்கும். பிரஷர் ஓர் எல்லையைத் தாண்டினால் அது திறந்து, மிச்ச ஆயிலை, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் இடமான சம்புக்கே திருப்பி அனுப்பிவிடும். அந்த எல்லை 75 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) என்று வைத்துக்கொள்வோம். வால்வு ஃபில்டருக்கு முன்னால் இருக்கிறது. ஃபில்டரைக் கடக்கும்போது 5 பிஎஸ்ஐ இழப்பு என்றால் பேரிங் பக்கம் 70 கிடைக்கும். இழப்பு 12 என்றால் 63. ஆக, ரிலீஃப் வால்வு திறந்திருக்கும் நேரத்தில், அதாவது குளிர்ந்த ஆயிலிலோ மிக உயர்ந்த வேகத்திலோ, ஃபில்டரின் இறுக்கம் சில பிஎஸ்ஐ அளவுக்குப் பேரிங் பக்கம் தெரியலாம். சில இன்ஜின்களில் இந்த வால்வு ஃபில்டருக்குப் பின்னால் உள்ள பிரஷரைப் பார்த்து இயங்கும். அங்கே இந்த வித்தியாசமும் வராது.

ஃபில்டர் மாற்றியதும் பிரஷர் இருபது முப்பது பிஎஸ்ஐ விழுந்தது என்று யாராவது சொன்னால், ஆயிலின் தடிமன், அதன் சூடு, ஆயில் மட்டம், மானி இவற்றை முதலில் விசாரியுங்கள். ஆயிலையும் ஃபில்டரையும் ஒரே நாளில் மாற்றிவிட்டுப் பழியை ஃபில்டர் மேல் மட்டும் போடுவது வழக்கமாக நடப்பது.

ரிலீஃப் வால்வு, பைபாஸ் வால்வு இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ரிலீஃப் வால்வு இன்ஜினுக்குச் சொந்தம். மொத்தப் பிரஷருக்கு மேல்வரம்பு கட்டுவது அதன் வேலை. பைபாஸ் வால்வு பெரும்பாலும் ஃபில்டருக்கு உள்ளே இருக்கும். காகிதத்தின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் உள்ள பிரஷர் வித்தியாசம் மட்டும்தான் அதற்குக் கணக்கு. ஃபில்டரில் 14 பிஎஸ்ஐ என்று போட்டிருப்பதைப் பார்த்து "என் இன்ஜினில் 60 பிஎஸ்ஐ ஓடுகிறதே, இது எப்போதும் திறந்தேதான் இருக்குமா?" என்று கேட்பவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். காகிதத்துக்குள் நுழையும்போது 60, கடந்து வெளியே வரும்போது 57 என்றால் வித்தியாசம் 3 மட்டுமே. வால்வு மூடியே இருக்கும்.

கார் ஃபில்டரின் பைபாஸ் வால்வு சீக்கிரம் திறந்துவிடும் என்கிறார்களே?

பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. வால்வு திறந்தால் ஆயில் காகிதத்தைத் தொடாமல் நேராகப் பேரிங்குக்குப் போகும். அழுக்கு ஆயில்தான், ஆனாலும் ஆயில் இல்லாமல் போவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல் என்பதால்தான் அந்த வால்வையே வைத்தார்கள். அது எப்போதாவது திறக்கலாம். அடிக்கடி திறந்தால் ஃபில்டர் இருந்தும் இல்லாத கதை.

எப்போது திறக்கும்? தடித்த ஆயில் வேகமாகப் பாயும்போது. 10டபிள்யூ-40 ஆயில் 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஆறேழு மடங்கு தடிப்பு. பாயும் அளவு அதே என்றால் காகிதத்தின் இரு பக்கமும் உள்ள பிரஷர் வித்தியாசமும் அத்தனை மடங்கு. ஆயில் சூடாக இருக்கும்போது ஃபில்டரில் 2 பிஎஸ்ஐ இழப்பு என்றால், ஸ்டார்ட் செய்த உடனேயே முறுக்கினால் அது 12, 14 என்று போய்விடும். ஆகவே வண்டி சூடாகும் வரை ஆக்சிலரேட்டரைக் கட்டுப்படுத்தினால், எந்த வால்வு போட்ட ஃபில்டராக இருந்தாலும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

எண்களுக்கு வருவோம். பைபாஸ் அளவுகள் பொதுவாக 8 பிஎஸ்ஐயிலிருந்து 20க்குச் சற்று மேல் வரை விரிந்திருக்கின்றன. 'காருக்குக் குறைவு, பைக்குக்கு அதிகம்' என்று இவை அழகாகப் பிரிவதில்லை. சுபாரு கார்கள் சிலவற்றுக்கான ஃபில்டரில் 23 பிஎஸ்ஐ. பைக் ஃபில்டர்கள் பலவற்றைவிட அது அதிகம். எனவே கேட்க வேண்டியது, உங்கள் பைக்குக்கென்று கம்பெனி கொடுத்த மூல ஃபில்டருக்கு எவ்வளவு, இதற்கு எவ்வளவு என்பதுதான். நல்ல தயாரிப்பாளர்கள் தங்கள் பட்டியலில் இந்த எண்ணை வெளியிடுகிறார்கள். அருகருகே இருந்தால் போடலாம். மூல ஃபில்டரில் பாதிதான் என்றால் நான் போடமாட்டேன்.

இதில் இன்னொரு பொறி உண்டு. சில கார் இன்ஜின்களில் பைபாஸ் வால்வு இன்ஜின் பிளாக்கிலேயே இருக்கும். அவற்றுக்கான ஃபில்டரில் வால்வே இருக்காது. அத்தகைய ஃபில்டரை, உள்ளே வால்வு இருக்கும் என்று நம்பி வடிவமைத்த பைக்கில் போட்டால், காகிதம் அடைத்துக்கொண்ட நாளில் மாற்று வழி கிடையாது. ஒன்று காகிதம் கிழியும், இல்லையென்றால் பேரிங் பட்டினி கிடக்கும். மரையும் வளையமும் கச்சிதமாகப் பொருந்திய ஃபில்டர்கூட இந்த ஒரு காரணத்துக்காகத் தள்ளப்பட வேண்டியது. ஃபில்டருக்கு வெளியே வால்வு இருப்பதற்குப் பைக்கிலும் உதாரணம் உண்டு: 1969ல் வந்த ஹோண்டா சிபி750ல் பைபாஸ் வால்வு ஃபில்டரைப் பிடித்து நிற்கும் நடு போல்ட்டிலேயே இருந்தது.

பைக் 10,000 ஆர்பிஎம் சுற்றுகிறது, கார் ஃபில்டர் அந்த ஓட்டத்தைத் தாங்குமா?

ஆர்பிஎம்மை மட்டும் வைத்து ஓட்டத்தைக் கணக்கிட முடியாது. பைக்கின் பம்ப் சிறியது. கிராங்க்கைவிடக் குறைந்த வேகத்தில் சுற்றும்படி பல்சக்கரம் வைத்திருப்பார்கள். இரண்டு லிட்டர் கார் இன்ஜின் நெடுஞ்சாலையில் தள்ளும் ஆயிலும் குறைவானதல்ல. கார் ஃபில்டருக்குள் மடித்திருக்கும் காகிதத்தின் பரப்பும் பெரும்பாலும் அதிகம். ஓட்டத்தைத் தாங்காது என்ற வாதம் எனக்கு வலுவாகப் படவில்லை. அதிர்வும் கல்லடியும் பற்றிக் கேட்டால் கேள்வியில் பொருள் இருக்கிறது. அதற்கு அடுத்த பதில்.

பெரிய ஃபில்டர் என்றால் அதிகம் வடிகட்டும், நல்லதுதானே?

காகிதப் பரப்பு கூடும், அழுக்கைத் தாங்கும் திறன் கூடும், பிரஷர் இழப்பு குறையும். அதுவரை நல்லதுதான். ஆனால் காரில் ஃபில்டர் பானெட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. பைக்கில் அது முன் சக்கரம் வாரியிறைக்கும் கல்லுக்கு நேர் எதிரே, சைலன்சர் குழாய்களுக்கு நடுவே தொங்குகிறது. நீளமான ஃபில்டர் வேகத்தடையில் தரையைத் தட்டலாம். குழாயை ஒட்டி நின்றால் வெந்துபோகும். சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கும்போது முன் சக்கரமோ மட்கார்டோ தொடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். நீளம் கூடக்கூட, அதிர்வில் அடிமரைக்கும் வளையத்துக்கும் வரும் சுமையும் கூடும். மூல ஃபில்டரைவிட ஒரு விரல் நீளத்துக்கு மேல் நீளமானது எதுவும் எனக்குச் சம்மதமில்லை.

பெரிய ஃபில்டர் கொஞ்சம் அதிக ஆயிலைக் குடிக்கும். வழக்கமான அளவை ஊற்றிவிட்டுப் போய்விடாமல், இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடம் கழித்து மட்டத்தைப் பார்த்து நிரப்புங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி கடகடவென்று சத்தம் வருகிறது. ஃபில்டர்தான் காரணமா?

இருக்கலாம். ஃபில்டரின் வாயருகே உள்ளே ஒரு ரப்பர் தகடு இருக்கும். இன்ஜின் நின்ற பிறகு ஃபில்டரில் உள்ள ஆயில் வந்த வழியே சம்புக்கு இறங்கிவிடாமல் தடுப்பது அதன் வேலை. கார்கள் சிலவற்றில் ஃபில்டர் வாய் மேல்நோக்கி நிற்கும். அவற்றில் ஆயில் தானாகவே தங்கும் என்பதால் இந்தத் தகடு பெயருக்குத்தான். பைக்குகளில் ஃபில்டர் பெரும்பாலும் படுத்த வாக்கில் இருக்கும். அங்கே தகடு பழுதானால் ஒவ்வொரு காலையும் ஃபில்டர் நிரம்பும் வரை கேம் பகுதிக்கு ஆயில் போகாது. அந்தச் சத்தம் அதுதான்.

சாதாரணக் கருப்பு நைட்ரைல் ரப்பர் சூட்டில் நாளடைவில் விறைத்துவிடும். சிலிக்கோன் தகடு சூட்டைத் தாங்கும். வாங்கும்போது ஃபில்டரின் துளைகள் வழியே குச்சியால் மெல்லத் தட்டிப் பாருங்கள்: தகடு வளைந்து திரும்ப வந்து ஒட்ட வேண்டும். சத்தத்துக்கு டைமிங் செயின் டென்ஷனரும் காரணமாக இருக்கலாம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கார் ஃபில்டர் போட்டால் கிளட்ச் வழுக்குமா?

வழுக்காது. வழுக்குவது கார் ஆயிலால். ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் அதிகமாக இருந்தால் ஆயிலில் நனைந்த கிளட்ச் பிடிக்காது. அதற்காகத்தான் ஜாசோ எம்ஏ, எம்ஏ2 என்ற தரக்குறியீடுகள் வந்தன. ஃபில்டர் ஆயிலில் எதையும் சேர்ப்பதில்லை.

ஆனால் கிளட்ச்சுக்கும் ஃபில்டருக்கும் வேறொரு தொடர்பு உண்டு. பெரும்பாலான பைக்குகளில் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலைப் பகிர்கின்றன. கிளட்ச் பிளேட்டின் தூளும் கியர் பல்லின் உலோகத் துகளும் இந்த ஃபில்டருக்கே வந்து சேரும். காரில் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில் என்பதால் இந்தச் சுமை கிடையாது. கார் ஃபில்டர் பத்தாயிரம் கிலோமீட்டர் தாங்கும் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தால், அது காருக்குச் சொன்ன கணக்கு. பைக்கில் அதன் சர்வீஸ் மேனுவல் சொல்லும் இடைவெளியைத்தான் பின்பற்ற வேண்டும்.

எத்தனை மைக்ரான் ஃபில்டர் வாங்குவது?

மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எண் தனியாக எதையும் சொல்லாது. '20 மைக்ரான் ஃபில்டர்' என்றால் அந்த அளவுத் துகளில் பாதியைப் பிடிக்குமா, 99 சதவீதத்தைப் பிடிக்குமா என்பதுதான் விஷயம். ஐஎஸ்ஓ 4548-12 என்ற சோதனை முறைப்படி, எந்த அளவில் எத்தனை சதவீதம் என்று போட்டிருந்தால் ஒப்பிடலாம். எண் மட்டும் இருந்தால் அது விளம்பரம். கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் எஃகு வலை ஃபில்டர்கள் ஓட்டத்துக்கு நன்றாக வழிவிடும். நுண்ணிய துகள்களுக்கும் சேர்த்து வழிவிடும். தினசரி ஓடும் வண்டிக்கு நான் காகிதம் அல்லது செயற்கை இழை கலந்த காகிதத்தையே சொல்வேன்.

ஆயில் பிரஷர் எவ்வளவு இருந்தால் சரி?

எல்லா பைக்குக்கும் ஓர் எண் கிடையாது. கிராங்க் எதில் சுற்றுகிறது என்பதுதான் தீர்மானிக்கும். வெறும் உலோக ஓட்டில், அதாவது பிளெய்ன் பேரிங்கில் சுற்றும் கிராங்க், ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. அதற்குத் தொடர்ந்து நல்ல பிரஷர் வேண்டும். இத்தகைய நான்கு சிலிண்டர் பைக்குகளில், ஆயில் நன்றாகச் சூடான பின் 5,000, 6,000 ஆர்பிஎம்மில் 60, 70 பிஎஸ்ஐ வரை எதிர்பார்ப்பது வழக்கம். உருளை பேரிங்கில் சுற்றும் கிராங்க்குக்கு ஆயில் நனைந்தாலே போதும். 1972ல் வந்த கவாசாகி இசட்1 அந்த வகை. அதன் பிரஷரைச் சில பிஎஸ்ஐ என்றுதான் அளக்க வேண்டும். அதைப் பார்த்துப் பதறிப்போய் கெட்டி ஆயில் ஊற்றுபவர்கள் இன்ஜினுக்கு நல்லது எதுவும் செய்துவிடவில்லை.

'ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ' என்ற கார் பந்தயக்காரர்களின் வாய்ப்பாடு ஒரு குத்துமதிப்பு. உங்கள் மேனுவலில் எத்தனை டிகிரியில், எத்தனை ஆர்பிஎம்மில் எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். அந்தச் சூட்டில் அளந்தால்தான் எண்ணுக்குப் பொருள்.

ஆயில் லைட் எரியவில்லை. அப்படியென்றால் பிரஷர் நன்றாகத்தானே இருக்கிறது?

அந்த லைட் ஒரு கடைசி எச்சரிக்கை. சுவிட்ச் வெறும் சில பிஎஸ்ஐ அளவில் அமைக்கப்பட்டிருக்கும். 60 இருக்க வேண்டிய இடத்தில் 15 இருந்தாலும் லைட் அணைந்தேதான் இருக்கும். மாற்று ஃபில்டர் போட்டதும் "லைட் எரியவில்லை, எல்லாம் சரி" என்று சொல்வது அரைகுறைச் சோதனை. சந்தேகம் இருந்தால் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் மானி பொருத்திப் பழைய ஃபில்டரோடும் புதியதோடும் ஒரே சூட்டில் அளந்து பாருங்கள். மேலே சொன்னபடி வித்தியாசம் அநேகமாகத் தெரியாது. தெரிந்தால் அந்த ஃபில்டரைக் கழற்றிவிடலாம்.

எவ்வளவு இறுக்க வேண்டும்?

முதலில், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் அதனுடனேயே வந்ததா என்று பாருங்கள். சில நேரம் அது இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன்மேல் புதிய ஃபில்டரை இறுக்கினால் இரண்டு வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்று. வீட்டு வாசலில் கசியாது. சாலையில் பிரஷர் ஏறியதும் பிதுங்கி, நிமிஷத்தில் ஆயில் முழுவதும் வெளியே போய்விடும்.

புது வளையத்தில் ஆயில் தடவி, கையால் திருகி, ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுற்று என்பது பொது வழக்கம். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இருந்தால் மேனுவல் சொல்லும் அளவு: ஹோண்டாவில் பல மாடல்களுக்கு 26 நியூட்டன் மீட்டர், யமஹாவில் பல மாடல்களுக்கு 17. கார் ஃபில்டரின் பெட்டியில் உள்ள அறிவுரையும் மேனுவலும் முரண்பட்டால், வளையத்தின் தடிமன் வேறு என்று பொருள். ஃபில்டரில் அச்சிட்டதைப் பின்பற்றுங்கள். சில பைக் ஃபில்டர்களின் தலையில் 17 மி.மீ. நட் ஒன்று பற்றவைத்திருக்கும். அது கழற்றுவதற்கு, அதில் ஸ்பேனரைப் போட்டு இறுக்காதீர்கள். பந்தயத் தடத்தில் ஓட்டுவதாக இருந்தால் கம்பி கட்டிப் பூட்டச் சொல்வார்கள். கார் ஃபில்டரில் அதற்கான துளை இருக்காது.

வாரண்டி போய்விடுமா?

வாரண்டி இருக்கும் வரை பைக்குக்கென்று சொன்ன ஃபில்டரையே போடுங்கள். இன்ஜினில் ஏதாவது ஆகி, உங்கள் ஃபில்டர் காரணமில்லை என்று நிரூபிக்கும் அலைச்சலுக்கு எந்தச் சேமிப்பும் ஈடாகாது.

கழற்றிய ஃபில்டர் பந்துபோல உப்பியிருந்தது. மட்டமான ஃபில்டரா?

ஃபில்டரைக் குறை சொல்லாதீர்கள். உப்பும் அளவுக்குப் பிரஷர் வந்ததென்றால் ரிலீஃப் வால்வு மூடியபடியே சிக்கிக்கொண்டது என்று சந்தேகிக்க வேண்டும். வேறு ஃபில்டர் போட்டால் அதுவும் உப்பும். வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் வண்டியை ஓட்டாதீர்கள்.

உப்பாத பழைய ஃபில்டரையும் சும்மா எறியாமல் வெட்டிப் பாருங்கள். இதற்கென்று குழாய் வெட்டி போன்ற ஒரு கருவி உண்டு; ரம்பம் வேண்டாம், அதன் இரும்புத் தூளே உள்ளே விழுந்து ஏமாற்றும். காகிதத்தை விரித்து, பிழிந்து, வெளிச்சத்தில் பாருங்கள். கருப்புச் சேறு பெரும்பாலும் கிளட்ச் தூள். காந்தத்தில் ஒட்டுவது கியர், செயின் போன்ற எஃகுத் துகள். கொஞ்சம் இருப்பது இயல்பு. காந்தத்தில் ஒட்டாத மினுமினுப்பு அலுமினியமாகவோ பேரிங் ஓடாகவோ இருக்கலாம். செம்பு நிறத்தில் செதில் செதிலாக வந்தால் மானி பொருத்திப் பிரஷரை அளக்கும் நேரம் வந்துவிட்டது. கார் ஃபில்டரா பைக் ஃபில்டரா என்ற விவாதத்தில் செலவிடும் நேரத்தில் பாதியை இந்த வெட்டிப் பார்க்கும் வேலைக்குக் கொடுத்தால் இன்ஜினைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

புது ஃபில்டர் போட்டு ஸ்டார்ட் செய்தேன், ஆயில் லைட் அணைய மறுக்கிறது. என்ன செய்ய?

காலி ஃபில்டர் நிரம்ப சில நொடிகள் ஆகும். அதுவரை லைட் எரிவது சரிதான். ஐந்தாறு நொடி தாண்டினால் இன்ஜினை அணைத்துவிடுங்கள். முறுக்கிப் பார்க்க வேண்டாம். காய்ந்த பேரிங்கில் வேகம் கூட்டுவது அதைக் கொல்வது. ஆயில் மட்டத்தைப் பாருங்கள், தரையில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் ஃபில்டரைக் கழற்றுங்கள். உள்ளே ஆயில் ஏறியிருந்தால் பம்ப் வேலை செய்கிறது. தடை ஃபில்டரிலோ அதற்கு அப்பாலோ. ஃபில்டர் காய்ந்து கிடந்தால் பம்ப் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஃபில்டரில் முக்கால்வாசி ஆயில் ஊற்றிக் காகிதம் குடிக்கும் வரை வைத்திருந்து, படுத்த வாக்கில் பொருத்துவதாக இருந்தால் சிந்தாத அளவுக்குக் குறைத்து, மறுபடி மாட்டுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதைப் பிளக் மூடியோடு இன்ஜின் உலோகத்தில் தொடும்படி வைத்து, செல்ஃப் மோட்டாரால் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். அழுத்தம் இல்லாத சிலிண்டரில் கிராங்க் லேசாகச் சுற்றும், பேரிங்குக்குச் சுமை இல்லை, பம்ப் ஆயிலைப் பிடித்துவிடும். லைட் அணைந்த பிறகு பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்யலாம். அப்போதும் அணையாவிட்டால் மூல ஃபில்டரைப் போட்டு ஒருமுறை பாருங்கள். அதிலும் எரிந்தால் சுவிட்சும் அதன் ஒயரும் அடுத்த சந்தேகம்.